கேர் ஆஃப் வேண்டாம்

என் கடை விலாசத்தை வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் அந்த அக்காதான். இன்றைக்கு அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அன்றைக்கு எனக்கு வந்தது எரிச்சல். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

திருவட்டாறு பக்கம், எங்கள் ஜங்ஷனில் நான் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். அப்பா பலசரக்குக் கடை நடத்திய அதே அறை. ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், பட்டா விண்ணப்பம், கரண்ட் பில், வெளிநாடு போகிறவர்களுக்கு டிக்கெட் எல்லாம் உண்டு. இவற்றுக்கு மேலே எனக்கு ஒரு கௌரவப் பதவியும் இருந்தது. ஜங்ஷனுக்குப் பின்னால் பாசனக் கால்வாய் ஓடுகிறது. எங்கள் ஊரில் அதைச் சானல் என்போம். சானலைத் தாண்டினால் ரப்பர் தோட்டத்துச் சரிவில் சரல்விளை. அங்கே யார் ஆன்லைனில் எது வாங்கினாலும், தன் பெயருக்குக் கீழே கேர் ஆஃப் என்று என் கடையைத்தான் எழுதுவார்கள். காலையில் கடை திறந்தால் பார்சல்கள் வரும். மாலைக்குள் ஆட்கள் வந்து எடுத்துப் போவார்கள். ஊரே என்னை நம்பித்தான் சாமான் வாங்குகிறது என்று ஒரு நினைப்பு எனக்கு.

சரல்விளைக்காரர்களையும் குறை சொல்ல முடியாது. அங்கே தெரு என்று ஒன்று கிடையாது. இருபத்து மூன்று வீடுகள், அவற்றுக்கு வீட்டுப் பெயர்கள், அவ்வளவுதான். அந்தப் பெயர்களை நம்பிப் போனால் திண்டாட்டம். பிலாமூட்டு வீட்டில் இன்றைக்குப் பலா மரம் இல்லை. புளியமூட்டு வீட்டில்தான் பலா நிற்கிறது. பார்சல் கொண்டுவரும் பையன்கள் இரண்டு தடவை ஏறி இறங்கிவிட்டு, மூன்றாம் தடவை வீடு கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்த இருபத்து மூன்றில் சரிவின் உச்சியில் இருந்தது அக்காவின் வீடு. ரப்பர் பால் வெட்டும் வேலை. கணவர் இறந்தபோது, அவர் வெட்டிக்கொண்டிருந்த மரங்களையும் தானே ஏற்று வெட்டியவர். ஒற்றை மகளை நர்ஸுக்குப் படிக்க வைத்துக் குவைத்துக்கு அனுப்பியவர். மெலிந்த உடம்பு, யாரும் கூடவே நடக்க முடியாத நடை. பால் எடுத்து முடித்துக் காலை பத்து மணி வாக்கில் ஜங்ஷனுக்கு வருவார். சேலையில் ரப்பர் பாலின் புளித்த வாடை இருக்கும். மூக்கைச் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளட்டும் என்று நிற்பார்.

அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம். தனக்கென்று வருவது எதுவானாலும் தன் வீட்டு வாசலுக்கு வரவேண்டும். நடுவில் ஒரு கை இருக்கக் கூடாது.

கல்யாண வீட்டுக்காரர்கள் சரல்விளைச் சரிவில் ஏறச் சோம்பி, ஜங்ஷனில் நின்றே அழைப்பிதழ் கொடுப்பது எங்கள் பக்கத்தில் சகஜம். அக்காவிடம் அது நடக்காது. ஒருமுறை என் கடை வாசலிலேயே ஒருவர் அவர் கையில் அழைப்பிதழைத் திணிக்கப் பார்த்தார். அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "கல்யாணத்துக்கு விளிக்க வந்தியளா, நோட்டீஸ் குடுக்க வந்தியளா?" என்று கேட்டார். சத்தமே இல்லாத குரல். அந்த மனிதர் மறுநாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு மூச்சு வாங்க மேலே ஏறிப் போய் முறையாக அழைத்தார். அக்கா கல்யாணத்துக்கு முதல் ஆளாகப் போனார் என்பதையும் சொல்லவேண்டும். தேர்தல் சமயத்தில் கட்சிக்காரர்கள் சரல்விளையின் பூத் சிலிப்புகளைக் கட்டாக என் மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அக்காவின் சிலிப் மட்டும் அங்கேயே கிடக்கும். ஓட்டு வேண்டுமென்றால் வீடும் தெரியவேண்டும் என்பார்.

மற்றவர்களிடம் கேட்ட மரியாதையைத் தானும் கொடுத்தார். மரச்சீனிக் கிழங்கு பிடுங்கினால் எங்கள் வீட்டுக்கு ஒரு பங்கு உண்டு. கடையில் வைத்துவிட்டுப் போங்கள் அக்கா, நான் சாயங்காலம் கொண்டுபோகிறேன் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கேட்கமாட்டார். கிழங்கைத் தலையில் சுமந்துகொண்டு அரை மைல் நடந்து, என் மனைவியின் கையில் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவார். எனக்கு அது அன்று கிறுக்காகத்தான் பட்டது.

அந்த மொபைல் விவகாரம் நடந்து ஏழெட்டு வருடம் இருக்கும். அக்காவிடம் இருந்தது பட்டன் போன். மகள் குவைத்திலிருந்து பேசுவாள், முகம் தெரியாது. அம்மா முகம் பார்த்துப் பேசுகிற போன் வாங்கிக்கொள்ளவேண்டும் என்று அவள் ஒரு மாடலின் பெயரைச் சொல்லியிருந்தாள். அது ஆன்லைனில் மட்டும்தான் கிடைக்கும். அக்கா அந்தப் பெயரை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு என் கடைக்கு வந்தார். நான் அவர் பெயரில் கணக்குத் தொடங்கி, பெயர், சரல்விளை, பின்கோடு எல்லாம் தட்டினேன். சிவப்பு எழுத்தில் பதில் வந்தது. இந்தப் பொருளை இந்த விலாசத்துக்கு அனுப்ப இயலாது, வேறு விலாசம் கொடுக்கவும்.

எனக்கு அது புதிதல்ல. சானலுக்கு இந்தப் பக்கம் ஒரு பின்கோடு, அந்தப் பக்கம் வேறொன்று. அந்தப் பக்கத்துக்குச் சேலை அனுப்புவார்கள், குக்கர் அனுப்புவார்கள், புது மொபைல் மட்டும் அனுப்பமாட்டார்கள். எல்லாரும் செய்கிறபடி என் கடை விலாசத்தைப் போட்டுவிடலாம் என்றேன். அக்கா அந்தச் சிவப்பு எழுத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு வேண்டாம் என்றார்.

அப்படியென்றால் மார்த்தாண்டத்தில் ஏதாவது கடைக்கு நேரில் போய் வேறு மாடல் வாங்குங்கள் என்றேன். அதுவும் வேண்டாமாம். சேலை வருகிற வீட்டுக்குப் போன் ஏன் வராது என்று தெரியவேண்டுமாம். மகளின் முகத்தைப் பார்க்கவேண்டாமா என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன்.

"பாக்கணும். எனக்க வீட்டுக்கு வந்த போனுல பாக்கணும்" என்றார்.

அதன் பிறகு வாரம் தவறாமல் வந்தார். இன்றைக்குப் போட்டுப் பார் என்பார். போடுவேன். அதே சிவப்பு எழுத்து வரும். சரி என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். இரண்டு மாதம் இப்படி ஓடியது. என் பொறுமை போய்விட்டது. வீம்பு பிடித்த ஆளுக்கு நல்லது செய்யவேண்டுமென்றால் அவரைக் கேட்காமல்தான் செய்யவேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அவர் கணக்கிலேயே என் கடை விலாசத்தைப் போட்டு, என் நம்பரையும் கொடுத்து ஆர்டர் செய்தேன். நாலே நாளில் போன் வந்துவிட்டது. மகள் முகத்தைப் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பெட்டியை எடுத்துக்கொண்டு, பல வருடங்களுக்குப் பிறகு அந்தச் சரிவில் ஏறினேன்.

அக்கா முற்றத்தில் ரப்பர் ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்தார். பெட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். வாங்கவில்லை. குனிந்து மேலே ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார்.

"இது யாருக்க அட்ரஸுக்கு வந்தது?"

என் கடைக்கு என்றேன்.

"அப்ப இது ஒனக்க சாமான். கொண்டுபோ மக்கா."

எனக்குச் சுள்ளென்று வந்தது. இரண்டு மாதத்துக் கோபத்தையும் அங்கேயே கொட்டினேன். ஒரு போனுக்கு இவ்வளவு வீம்பா, என் கடை விலாசம் என்ன அவ்வளவு கேவலமா, ஊரில் எல்லாருக்கும் ஆகிறது உங்களுக்கு மட்டும் ஆகாதா என்று கேட்டேன். நான் முடித்த பிறகு அக்கா எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார். தான் படியில் உட்கார்ந்தார். பிறகுதான் சொன்னார்.

கல்யாணம் ஆன புதிது. பத்தாவது பாஸ் பண்ணியிருந்ததால் வேலைவாய்ப்பு ஆபீஸில் பதிந்து வைத்திருந்தாராம். அந்தக் காலத்தில் தபால்காரரும் சானலைத் தாண்டமாட்டார். சரல்விளைக் கடிதங்களை எல்லாம் ஜங்ஷனில் ஒரு கடையில் கொடுத்துவிட்டுப் போவார். கடைக்காரர் யாராவது அந்தப் பக்கம் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவார். பால்வாடியில் ஆயா வேலைக்கு அக்காவை நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டு வந்த கார்டு அந்தக் கடையில் வற்றல் மிளகாய்ச் சாக்குக்குப் பின்னால் விழுந்துவிட்டது. கிறிஸ்மஸுக்குக் கடையைச் சுத்தம் செய்தபோதுதான் கண்ணில் பட்டது. தேர்வு முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அந்த வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. அடுத்த வருடம் அக்கா பால் வெட்டும் கத்தியை எடுத்தார்.

எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு எங்கள் ஜங்ஷனில் இருந்தது ஒரே கடை.

"ஒனக்க அப்பா நல்ல மனுசன். வேணுமுண்ணு செய்யல்ல" என்றார் அக்கா. "ஆனா எனக்க கார்டு எதுக்கு அவருக்க கடையில கெடக்கணும்? எனக்கு வீடு இல்லியா?"

அப்பா இறந்த அன்று சரல்விளையிலிருந்து முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தது இந்த அக்காதான். அம்மாவின் பக்கத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார். அத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை, ஒரு முகச்சுளிப்பு இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி, அன்றைக்கே அதைத் திருப்பி அனுப்பினேன்.

அடுத்த வாரம் இரண்டு பேருமாக மார்த்தாண்டத்தில் இருந்த பார்சல் ஆபீஸுக்குப் போனோம். அங்கே பொறுப்பில் இருந்தவர் தன்மையான ஆள். கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். சரல்விளையிலிருந்து திரும்பி வந்த பார்சல்கள் மிக அதிகம். வீடு கண்டுபிடிக்க முடியவில்லை என்று பையன்கள் எழுதியிருக்கிறார்கள். அதனால் விலை கூடிய சாமான்களை அந்தப் பக்கம் அனுப்பாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சின்னச் சாமான்கள் ஒழுங்காக வாசலுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தால் மேலதிகாரிகளுக்கு எழுதித் திறக்கப் பார்க்கலாம் என்றார். எனக்கு அது ஆகாத காரியமாகத் தோன்றியது. அக்கா பஸ்ஸில் திரும்பும்போது விரலை மடக்கி மடக்கி வீடுகளை எண்ணிக்கொண்டு வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் சரல்விளைப் பெண்கள் நாலைந்து பேர் வெள்ளைப் பெயிண்டும் பிரஷுமாக இறங்கினார்கள். பால் வெட்டுகிறவர்களுக்கு அது பழகிய வேலைதான். தோட்டத்தில் ஒருவருடைய பங்கு எங்கே முடிகிறது, அடுத்தவருடையது எங்கே தொடங்குகிறது என்று மரத்தில் பெயிண்டால் அடையாளம் வைப்பார்கள். அக்கா ஒவ்வொரு வீட்டு மதிலிலும் எண் எழுதினார். மதில் இல்லாத வீட்டுக்குத் தென்னையில் எழுதினார். பெருமையாக என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ரப்பர் மரங்கள் சரிவில் படிப்படியாக நிற்கும். வெட்டுகிறவர்கள் ஒரு படியில் இடமிருந்து வலமாகப் போய், அடுத்த படியில் வலமிருந்து இடமாகத் திரும்புவார்கள். அக்கா வீடுகளுக்கும் அந்த வரிசையிலேயே எண் போட்டிருந்தார். சரிவின் நடுவே நேராக மேலே ஏறுகிற பாதையில் வருகிறவனுக்கு மூன்றை அடுத்துப் பத்து, பத்தை அடுத்துப் பதினைந்து. ஏழாம் எண்ணுக்கு முதல் பார்சல் கொண்டுவந்த பையன் அரைமணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்பிப் போனான். நான் காரணத்தைச் சொன்னதும் அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "பைக்குல வாறவன் பால் வெட்டவா வாறான்" என்றார். மறு ஞாயிறு எல்லாவற்றையும் அழித்துப் பாதை போகிற வரிசையில் எழுதினார்கள். வழி பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் அம்புக்குறி போட்ட பலகை வைத்தார்கள். உச்சியில் இருந்த அக்காவின் வீடு அப்போதும் இருபத்து மூன்றுதான்.

அதன் பிறகு தொடங்கியது ஒரு வேடிக்கை. சரல்விளைக்குத் தேவையே இல்லாத சாமான்களாக வாங்கினார்கள். சீப்பு, சாயா வடிகட்டும் அரிப்பு, ஊக்குப் பாக்கெட், கொசு அடிக்கும் மட்டை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கு, அவரவர் வீட்டு எண்ணுக்கு. தட்டித் தட்டி என் விரல் வலித்தது. என் கடைக்கு வந்துகொண்டிருந்த பார்சல்கள் குறைந்தன. எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிடப் பெரிய வேகம் ஒன்று என்னையும் பிடித்துக்கொண்டிருந்தது.

பையன்களும் லேசில் விடவில்லை. ஜங்ஷனில் நின்றுகொண்டே போன் போட்டு, இங்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்பார்கள். யாரும் இறங்கிப் போகக் கூடாது என்று அக்கா எல்லா வீட்டிலும் சொல்லி வைத்திருந்தார். ஒரு சீப்புக்கா இந்தப் பாடு என்று பெண்களே சலித்துக்கொண்டார்கள். ஒருத்தியின் பார்சல் திரும்பியே போய்விட்டது. அக்கா அவளை மறுபடி ஆர்டர் போட வைத்தார். அடுத்த முறை பையன் கூப்பிட்டபோது அந்தப் போனைத் தானே வாங்கிப் பேசினார்.

"நாங்க எறங்கி வரமாட்டோம் மக்கா. போர்டு பாத்து ஏறி வா. சாயா போட்டு வைக்கேன்."

அவன் வந்தான். சாயாவும் அவித்த கிழங்கும் கிடைத்தது. சரல்விளைக்குப் போனால் சாயா உண்டு என்று பார்சல் ஆபீஸில் பேச்சாகிவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மழைக்காலம் முழுக்க இது நடந்தது. அந்த மாதங்களில் அக்கா மகளிடம் பட்டன் போனிலேயே பேசினார். ஒருமுறை என் கடை வாசலில் நின்று பேசி முடித்ததும், பிள்ளை மெலிந்துவிட்டாளாம், குரலைக் கேட்டால் தெரிகிறது, பார்க்கத்தான் முடியவில்லை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் மொபைலை நீட்டி, இதில் கூப்பிட்டுத் தருகிறேன் பாருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தத் தலையாட்டலுக்கு அவர் எவ்வளவு விலை கொடுத்தார் என்று எனக்குத் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை வழக்கம்போல வந்து நின்றார். வழக்கம்போலத் தட்டினேன். சிவப்பு எழுத்து வரவில்லை. சனிக்கிழமைக்குள் வந்து சேரும் என்று பச்சையில் வந்தது. நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். அக்கா பதறவில்லை. விலாசத்தை வாசி என்றார். வாசித்தேன். இன்னொரு தடவை வாசி என்றார். அப்புறம் சரி, அமுத்து என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முதுகில் பெரிய பையோடு ஒரு புதுப் பையன் பைக்கில் வந்தான். இதற்கு முன் அவனை நான் பார்த்ததில்லை. நிறுத்தி என்னிடம் வழி கேட்பான் என்று பழக்கதோஷத்தில் வாசலுக்கு வந்தேன். அவன் வேகத்தைக் குறைக்கக்கூட இல்லை. என் கடையைத் தாண்டி, சானல் பாலத்தில் ஏறி, பலகையைப் பார்த்துத் திரும்பினான். நான் கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன்.

மேலே போய்ச் சேர்ந்தபோது அவன் முற்றத்தில் நின்று அக்காவின் அடையாள அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பட்டன் போனுக்கு வந்திருந்த ரகசிய எண்ணை அக்கா தானே ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னார். கீழ்வீட்டுப் பெண்கள் எல்லாம் மேலே வந்து நின்றிருந்தார்கள். பையன் பெட்டியை நீட்டினான். அக்கா இரண்டு கையாலும் வாங்கினார்.

"வழியில ஆருட்டயாவது கேட்டியா மக்கா?"

"இல்லம்மா. நம்பர் எழுதியிருக்கே. நேரே வந்துட்டேன்."

அக்கா என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு பெட்டியைத் திருப்பி, மேலே ஒட்டியிருந்த சீட்டில் விரலை வைத்து இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டி வாசித்தார். முதல் வரியில் அவருடைய பெயர். அடுத்த வரியில் இருபத்து மூன்று, சரல்விளை. நான் தட்டிய விலாசம்தான், ஆனாலும் நானும் எட்டிப் பார்த்து இன்னொரு தடவை வாசித்தேன். அந்த இரண்டு வரிக்கும் நடுவில் வேறு ஒருவருடைய பெயரும் இல்லை.